கோட் ஆஃப் ஆர்ம்ஸ்: சட்டையா, கேடயமா?

ஒரு குடும்பமோ நகரமோ தன் அடையாளமாக வைத்துக்கொள்ளும் கேடயப் படத்தை ஆங்கிலத்தில் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஆயுதச் சட்டை' என்று வரும். சிரிப்பாக இருந்தாலும் பிறந்த கதை ஏறக்குறைய அதுதான். இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் இரும்புக் கவசத்துக்கு மேலே துணி அங்கி ஒன்று அணிந்தார்கள். தலைக்கவசம் முகத்தை மூடிவிடும், எதிரில் வருவது யாரென்று தெரியாது. அதனால் கேடயத்தில் தீட்டிய அடையாளத்தையே அங்கியிலும் போட்டுக்கொண்டார்கள். காலப்போக்கில் அங்கி போய்விட்டது. பெயர் கேடயப் படத்தோடு ஒட்டிக்கொண்டது. குடும்பங்களுக்கு இருந்ததை அப்புறம் நகரங்களும் வைத்துக்கொண்டன.

ஆம்ஸ்டர்டாமைப் பாருங்கள். சிவப்புக் கேடயம், நடுவே நெடுக்காகக் கறுப்புப் பட்டை, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளிப் பெருக்கல் குறிகள். வண்டிகள் நடைபாதையில் ஏறாமலிருக்க நட்ட இரும்புக் குட்டைத் தூண்களில்கூட இந்த மூன்றும் உண்டு. தீ, வெள்ளம், கொள்ளைநோய் என்று வழிகாட்டிகள் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கும், ஆதாரம் கிடையாது. அவை இயேசுவின் சீடர் புனித அந்திரேயாவின் பெயரால் வழங்கும் X வடிவச் சிலுவைகள். கேடயத்தின் மேலிருக்கும் கிரீடம், நகரம் கடனும் ஆதரவும் கொடுத்த நன்றிக்குக் கத்தோலிக்க மன்னர் மாக்சிமிலியன் 1489இல் அளித்த உரிமை. 1578இல் நகரம் கத்தோலிக்கத்தை விட்டு விலகியது, கிரீடத்தை மட்டும் விடவில்லை! கீழே உள்ள 'வீரம், உறுதி, இரக்கம்' என்ற மூன்று சொற்கள், இரண்டாம் உலகப் போரில் நகர மக்கள் நடந்துகொண்ட விதத்தைப் போற்றி 1947இல் அரசி வில்ஹெல்மினா சேர்த்தவை. யூதர்களை நாஜிகள் பிடித்துச் சென்றதை எதிர்த்து 1941 பிப்ரவரியில் நகரத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அதற்குள் அடக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சின்னம்' தேர்தல் வரைக்கும் போய்விடும். 'லோகோ'வும் பொருந்தாது: லோகோவில் கோடு மாறக் கூடாது, இங்கே 'சிவப்புக் கேடயம், கறுப்புப் பட்டை' என்பது போன்ற சொல் வருணனை மாறாதிருந்தால் போதும், ஓவியர் தம் கைப்படி வரையலாம். 'மரபுச் சின்னம்' புழக்கத்தில் இருக்கிறது, தவறில்லை. இலங்கையில் 'இலச்சினை' என்கிறார்கள். அது முத்திரையிலிருந்து வந்த பொருள். எனக்குப் பிடித்தது 'பொறி'. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளுக்குச் சோழர் புலியை இட்டதைப் பட்டினப்பாலை 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்கிறது. இன்று பொறி என்றால் எந்திரம், பொறியியல் கல்லூரி என்றுதான் நினைப்பு ஓடும். ஆகவே 'மரபுப்பொறி' என்று எழுதிப் பார்க்கிறேன்.