பல்பு எரிந்ததா, அணைந்திருந்ததா?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் நண்பர் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போன இடத்தில், இரவில் வாடகை மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். 'ஹெட்லைட்டே போடாமல் வந்தார்' என்கிறார் லாரி டிரைவர். வேறு சாட்சி கிடையாது. இந்த மாதிரி மரணங்களை யார், எப்படி விசாரிப்பார்கள்? சொந்த நாட்டுப் போலீஸ் போய் விசாரிக்க முடியாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டின் சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுப் போலீஸ் அங்கே போய் விசாரிக்க முடியாது. விபத்து எந்த மண்ணில் நடந்ததோ, அந்த மண்ணின் போலீஸுக்குத்தான் அதிகாரம். வெளிநாட்டவர் ஒருவர் இறந்தால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 37-ஆவது பிரிவு. தூதரகம் குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், உடலை அனுப்பக் காகிதங்களை நகர்த்தும். துப்புத் துலக்குவது அதன் வேலை இல்லை.

இறந்தவர் யார் என்று உறுதி செய்வது அடுத்த படி. பையில் பாஸ்போர்ட் இருந்தால் போதாதா என்று தோன்றும். கூட்டமாகப் பயணம் போகிறவர்கள் பையை மாற்றித் தூக்கிக்கொள்வது சகஜம். பலர் ஒன்றாக இறக்கும் விபத்துகளில் விரல்ரேகை, பல் அமைப்பு, டிஎன்ஏ ஆகிய மூன்றையே இன்டர்போல் முதன்மை அடையாளங்களாக வைத்திருக்கிறது. சட்டை, மோதிரம், பச்சை குத்தியது எல்லாம் துணைக்குத்தான்.

உடல் ஊருக்கு வந்தபிறகு மறுபடியும் பரிசோதிக்கலாமே? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படித்தான் செய்கிறார்கள். இயற்கைக்கு மாறான மரணம் உலகத்தின் எந்த மூலையில் நடந்திருந்தாலும், உடல் திரும்பி வந்துவிட்டால் கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி விசாரித்தே ஆக வேண்டும். 1979-இல் சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் இறந்த ஒரு பிரிட்டிஷ் செவிலியரின் தந்தை விடாப்பிடியாகப் போராடி, 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு இது. ஆனால் இரண்டாவது பிரேத பரிசோதனைக்கு ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. விமானத்தில் ஏற்றுவதற்கு முன், கெடாமல் இருக்க உடலை எம்பாமிங் செய்துவிடுவார்கள். ரத்தம் வெளியேறி, ஃபார்மால்டிஹைடு கலவை உள்ளே போயிருக்கும். அந்தக் கலவையிலேயே மெத்தனால் போன்ற ஆல்கஹால்கள் இருப்பதுண்டு. பிறகு எங்கே போய் 'குடித்திருந்தாரா' என்று ரத்தத்தில் தேடுவது? கண்விழிக்குள் இருக்கும் கூழ் போன்ற திரவம் ஓரளவு தப்பும். அதுவும் ஓரளவுதான்.

ஆக, முதல் சில நாள்களில் அந்த ஊரில் என்ன சேகரித்தார்களோ, அதுதான் கடைசி வரைக்கும் கையிருப்பு. டயர் தடத்தை அளந்து வேகம் கண்டுபிடிப்பது பள்ளிக்கூட இயற்பியல். வேகத்தின் வர்க்கம் = 2 × உராய்வுக் கெழு × புவியீர்ப்பு முடுக்கம் × தடத்தின் நீளம். காய்ந்த தார்ச்சாலைக்கு உராய்வுக் கெழு 0.7 என்று வைத்தால், 40 மீட்டர் தடத்துக்கு மணிக்குச் சுமார் 84 கி.மீ. வருகிறது. தடத்தின் முடிவில் வண்டி நிற்காமல் எதிலாவது மோதியிருந்தால் நிஜ வேகம் இதைவிடக் கூடுதல். இதைத் தாண்டி இதில் சுவாரசியம் இல்லை.

சுவாரசியம் பல்பில் இருக்கிறது.

இழை பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் டங்ஸ்டன் சுருள் சுமார் 2500 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தச் சூட்டில் அது இளகிய நிலையில்தான் கிடக்கும். மோதும்போது வண்டி சட்டென்று நிற்கிறது. பல்பின் கண்ணாடியும் அடித்தண்டும் கூடவே நிற்கின்றன. சுருள் மட்டும் நிலைமத்தால் போன திசையிலேயே போகப் பார்க்கிறது. நெருக்கமாக இருந்த சுற்றுகள் இழுபட்டு, அகன்று, ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். எந்தப் பக்கம் இடி விழுந்தது என்பதைக்கூட அந்தத் தொங்கல் காட்டிக்கொடுப்பதுண்டு. அணைந்திருந்த பல்பின் கதை வேறு. கொஞ்ச நாள் எரிந்த டங்ஸ்டன், ஆறிய நிலையில் மொறுமொறுவென்று உடையும் தன்மை கொண்டது. பலமான மோதலில் அது நீளாது, படக்கென்று முறியும். முறிந்த முனை கூராக, பளபளப்பாக இருக்கும்.

கண்ணாடியும் உடைந்திருந்தால் இன்னும் நல்லது (விசாரிப்பவருக்கு!). எரிகிற இழையின்மேல் காற்று பட்டதும் டங்ஸ்டன் ஆக்ஸைடு ஆகிவிடும். மஞ்சளும் வெள்ளையுமாகத் தூள் படியும். தெறித்த கண்ணாடித் துணுக்குகள் சூடான இழையில் பட்டு உருகி, மணிமணியாக ஒட்டிக்கொள்ளும். ஆறிய இழையில் கண்ணாடி ஒட்டவே ஒட்டாது.

நம்பிக்கை வராமல் நானே ஒரு ஒர்க்‌ஷாப்பில் 12 வோல்ட் பின்விளக்குப் பல்புகள் இரண்டு வாங்கிச் சோதித்தேன். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: 5 வாட் இழை வழக்கமான சிவப்பு வெளிச்சத்துக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பிரேக் இழையை மட்டும் எரியவிட்டு, ஹோல்டரோடு மரக்கட்டையில் ஓங்கி அடித்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால், எரிந்த இழை கிழவியின் தோடு மாதிரி தொங்குகிறது. பக்கத்து இழை அப்படியே விறைப்பாக நிற்கிறது. பிரேக் போட்டாரா இல்லையா என்ற கேள்விக்கு இவ்வளவு சின்னப் பொருள் பதில் சொல்கிறதே என்று ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்சரிக்கைகளும் உண்டு. மோதல் மிதமாக இருந்தால் இழையில் எந்த மாற்றமும் வராது; அதை வைத்து 'அணைந்திருந்தது' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. வயதாகித் தானாகவே போன பல்பில் இழை முனைகள் உருகி உருண்டிருக்கும், கண்ணாடியும் பெரும்பாலும் கறுத்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், விபத்துக்குப் பிறகு யாரும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கக் கூடாது. கண்ணாடி உடைந்த பல்புக்கு மின்சாரம் கொடுத்தால் இழை அங்கேயே புகைந்து எரிந்துவிடும், கூடவே சாட்சியமும்.

இதெல்லாம் வண்டி கையில் இருந்தால்தான். இளவரசி டயானா 1997 ஆகஸ்ட் 31-ஆம் தேதி பாரிஸ் சுரங்கப் பாதை விபத்தால் இறந்ததும் ஒரு வெளிநாட்டவரின் சாலை மரணமே. பிரெஞ்சு விசாரணை 1999-இல் முடிந்தது. பிறகு லண்டன் போலீஸ் விசாரித்தபோது, அந்த மெர்சிடிஸ் கார் 2005-இல் இங்கிலாந்துக்கே கொண்டுவரப்பட்டு மறுபடி ஆராயப்பட்டது. 2008 ஏப்ரலில் கொரோனர் விசாரணையின் ஜூரி, டிரைவரும் பின்தொடர்ந்த வாகனங்களும் ஓட்டிய படுமோசமான விதத்தைக் காரணமாகச் சொன்னது. பெயிண்ட் உரசல், பின்விளக்குத் துண்டுகள், ரத்த மாதிரி என்று பாரிஸில் முதலில் சேகரித்தவைதான் அத்தனை ஆண்டுக்குப் பிறகும் மேஜையில் இருந்தன.

சாதாரணப் பயணியின் வாடகை மோட்டார் சைக்கிளை யார் எட்டு வருஷம் பூட்டி வைப்பார்கள்? சீக்கிரமே பழைய இரும்புக்குப் போய்விடும். உடலைக் கொண்டுவர அரசுகள் காட்டும் அக்கறையில் கால்வாசியை வண்டிமேல் காட்டினால் நன்றாக இருக்கும். தடய ஆய்வகத்துக்குப் பணம் கேட்டால் கையை விரிக்கிறார்கள். வீட்டிலும் "விதி முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் லாரி டிரைவருக்கு எவ்வளவு வசதி!

அதனால் வாசகரே, தூதரகத்துக்கு இன்றே எழுதுங்கள். மோட்டார் சைக்கிள் இன்னும் போலீஸ் வசம் இருக்கிறதா, ஹெட்லைட் பல்பைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்களா என்று கேளுங்கள். அப்படியே அந்த வண்டி எந்த வருஷத்து மாடல் என்பதையும் விசாரியுங்கள். புது மாடல்கள் பலவற்றில் ஹெட்லைட் எல்இடி. அதில் இழையே கிடையாது.