கோர்னாஸ் ஒயினில் மிளகு மணப்பது எப்படி?

மிளகை உரலில் போட்டு ஒரு தட்டுத் தட்டுங்கள். நாக்கில் காரம் ஏறுவதற்கு முன்பே மணம் மூக்கைத் தொட்டுவிடும். காரத்துக்குக் காரணம் பைப்பரின். மணத்துக்கு முக்கியக் காரணம் ரோட்டன்டோன் என்னும் வேறொரு மூலக்கூறு. கோரைக்கிழங்கின் தாவரவியல் பெயரிலிருந்து அதற்கு இந்தப் பெயர் வந்தது. மிளகு வாசத்துக்கு அதுவே மூலம் என்பது 2008-இல்தான் தெரிந்தது, அதுவும் ஒயின் வழியாக. சிரா வகைத் திராட்சையின் சிவப்பு ஒயினில் ஏன் மிளகு மணக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே பொருள் கிடைத்தது.

சிராவின் பிறப்பிடம் பிரான்சின் ரோன் நதிப் பக்கம். அங்கே வலான்ஸ் நகருக்கு எதிர்க்கரையில் கோர்னாஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 1938-இல் ஊர்ப் பெயரிலேயே ஒயின் விற்கும் சட்ட உரிமை பெற்ற இடம். சிரா தவிர வேறு திராட்சை கலந்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. இப்படி ஓர் இடத்தின் மண்ணும் சரிவும் வெயிலும் காற்றும் சேர்ந்து சுவையில் தெரிவதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'தெர்வார்' என்கிறார்கள். நாம் மண்வாகு என்று சொல்லலாம்.

பாறையின் சத்து கரைந்து வேர் வழியாகக் கோப்பைக்கு வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. கல்லுக்கு வாசம் கிடையாது. வேர் உறிஞ்சும் தாது உப்புகளோ நாக்குக்குத் தெரியாத அளவு சொற்பம். மண் வேலை செய்வது தண்ணீர் வழியாக. கோர்னாஸ் சரிவுகளில் உதிர்ந்த கிரானைட் மணல் இருக்கிறது. மழை நீர் அதில் தங்காது. வேர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கித் தேட வேண்டும். கோடை நடுவில் கொடிக்குக் கொஞ்சம் தாகம் எடுத்ததும் புதுத் தளிர் விடுவது நிற்கிறது; சத்து பழத்துக்குப் போகிறது. பழமோ பெருக்காமல் சிறுத்தே இருக்கிறது.

இந்தச் சிறுத்த பழத்தில்தான் சூட்சுமம். சிராவைப் பிதுக்கினால் சாறு ஏறக்குறைய நிறமில்லாமல் வரும். நிறம், துவர்ப்பு, ரோட்டன்டோன் மூன்றும் தோலில் இருக்கின்றன. பழத்தின் விட்டம் பாதியானால், அதே அளவு சாற்றுக்குத் தோல் இரண்டு மடங்காகிறது. கோர்னாஸ் ஒயினின் கருஞ்சிவப்பும் அழுத்தமான துவர்ப்பும் அங்கிருந்து வருபவை.

வெயிலின் கணக்கு வேறு. ரோட்டன்டோன் குளிர்ச்சியை விரும்பும். இலை நிழலில் தொங்கும் குலையில் கூடும், சுடுவெயில் படும் குலையில் குறையும். ஒரே தோட்டத்துக்குள் வரிசைக்கு வரிசை அளவு மாறும். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிகிறது என்பதால், அந்தச் சிறு வித்தியாசமும் வீணாவதில்லை. ஒரு கிராம் ரோட்டன்டோன் 6 கோடி லிட்டருக்கு மேல் ஒயினை மணக்கவைக்கும்!

சிறு உற்பத்தியாளரின் ஒயினை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். செங்குத்தான படிக்கட்டு நிலத்தில் டிராக்டர் ஏறாது. கொடிகளை ஒவ்வொன்றாகக் கம்பத்தில் கட்டுவதும் குலைகளை அறுப்பதும் கைவேலை. எந்த வரிசை முந்திப் பழுக்கும், எங்கே நிழல் நீளும் என்று அவருக்குத் தெரியும். மேட்டுத் துண்டுப் பழத்தை ஒரு தொட்டியிலும் அடிவாரத்துப் பழத்தை இன்னொன்றிலும் தனித்தனியாக நொதிக்கவிட அவரால் முடியும். பெரிய வணிக நிறுவனம் பல ஊர்ப் பழங்களைக் கலந்து ஆண்டுதோறும் ஒரே சுவையைத் தர முயல்கிறது; அதுவும் ஒரு திறமைதான். ஆனால் அந்தக் கலவையில் முதலில் மறைவது வரிசைக்கு வரிசை இருந்த வித்தியாசம். சிறியவரின் புட்டியில் குளிர்ந்த ஆண்டு மிளகாக மணக்கும். வெயில் காய்ந்த ஆண்டில் மிளகு ஒதுங்கிக் கரும்பழ வாசம் முன்னே வரும்.

இத்தனைக்கும் பிறகு, ஐந்தில் ஒருவருக்கு ரோட்டன்டோன் மணமே தெரிவதில்லை என்று அதே ஆய்வு காட்டியது. ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு, ஒருவர் மிளகு என்பார், எதிரே இருப்பவர் இல்லவே இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை.