கிரேந்திக்கு மானியம்: நாற்று நடும் முன்பே மனு கொடுங்கள்

தோவாளைப் பூச்சந்தைக்குக் கிரேந்தி, அதாவது செண்டுமல்லி, கொண்டுபோகும் நம் கன்னியாகுமரி மாவட்ட விவசாயிகளில் பலர், நட்டு முடித்த பிறகுதான் மானியம் கேட்டு அலுவலகம் போகிறார்கள். அதற்குள் அந்த ஆண்டு இலக்கு முடிந்திருக்கும், அல்லது அதிகாரிகள் நிலத்தை ஆய்வு செய்யும் கட்டம் கடந்திருக்கும்.

தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் உதிரி மலர்கள் என்றொரு இனம் இருக்கிறது. கிரேந்தி, சிவந்தி, மல்லிகை எல்லாம் அதில்தான் வரும். 2014 நெறிமுறைப்படி ஒரு ஹெக்டேர் செலவு 40,000 ரூபாய் என்று வைத்து, சிறு, குறு விவசாயிக்கு அதில் 40 சதவீதம், அதாவது 16,000 ரூபாய். மற்றவர்களுக்கு 25 சதவீதம், 10,000 ரூபாய். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை. 2025-ல் மத்திய அரசு நெறிமுறையைத் திருத்தியிருப்பதால், இந்த ஆண்டுத் தொகையை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முழுவதும் பணமாகக் கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். நாற்றாகவும் இடுபொருளாகவும் தருவதுண்டு.

நம்மூரில் நிலம் சென்ட் கணக்கில்தான். 20 சென்டுக்குப் பழைய கணக்கில் 1,300 ரூபாய்தான் தேறும். அதனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது சொட்டுநீர் மானியத்தை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கிரேந்திக்கு இது பெரிய உதவி: தண்ணீர் வேரில் மட்டும் விழுவதால் பூவும் இலையும் நனையாது, களையும் குறையும். ஆனால் பணி ஆணை வரும் முன் குழாய் போட்டுவிட்டால் மானியம் கிடைக்காது. ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு ஏழு ஆண்டு கழித்துத்தான் மறுபடி. குத்தகை நிலம் என்றால் ஏழு ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பூ போடுகிறவர்கள் இதனால் வெளியே நின்றுவிடுகிறார்கள். இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

சிட்டா, அடங்கல், நில வரைபட நகல், ஆதார், வங்கி பாஸ்புக், போட்டோ, தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றை எடுத்துவையுங்கள். பட்டா அப்பா, தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உழவன் செயலியிலோ, துறையின் டிஎன்ஹார்ட்நெட் தளத்திலோ பதியலாம்.

எப்போது பதிவது? ஓணத்துக்குப் பூ வேண்டும் என்றால் பின்னோக்கி எண்ணுங்கள். நட்ட 60 நாளில் முதல் பறிப்பு, நாற்றங்காலில் 30 நாள். ஆவணியில் அத்தப்பூக்களத்துக்கு, அதாவது ஓணப் பூக்கோலத்துக்கு, கேரள வியாபாரிகள் வரும்போது பூ கையில் இருக்க, வைகாசியில் விதை விழுந்திருக்க வேண்டும். ஆகவே நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.

சாகுபடியில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நட்டு ஒரு மாதம் ஆனதும் நுனிக்குருத்தைக் கிள்ள வேண்டும். முதல் மொட்டு எட்டிப் பார்க்கும் நேரம் என்பதால் பலருக்கு மனம் வருவதில்லை. கிள்ளாத செடி ஒற்றைத்தண்டாய் நெட்டையாக வளரும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பூப்பாரத்தோடு சாய்ந்துவிடும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துக் குட்டையாகப் புதர்போல் நிற்கும், பூவும் கூடும். கையோடு மண் அணைத்துவிடுங்கள். இடைவெளி 45-க்கு 35 சென்டிமீட்டர். பறிப்பு மூன்று நாளுக்கொருமுறை. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுபடி போடாதீர்கள், பூ ஒரே சீராக வராது.

நோய், பூச்சி பற்றிய சந்தேகத்துக்குத் தோவாளையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட இலையைப் பறித்து ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.