சிர்கான்: கோமேதகம் அன்று

தொன்மையான கிரானைட் பாறைகளின் வயதைப் பற்றி எழுதும்போது 'சிர்கான்' என்ற சொல்லைத் தவிர்க்க முடிவதில்லை. சிர்கோனியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்த கனிமம் அது. கிரானைட்டில் இது பெரும்பாலும் உப்புத்தூளினும் சிறிய படிகங்களாகவே இருக்கும்.

ஜெர்மன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் பரவிய இச்சொல்லின் மூலம், பொன்னிறம் எனப் பொருள்படும் 'ஜர்கூன்' என்ற பாரசீகச் சொல் என்பர். 'ஜர்' என்றால் பொன். பட்டுப்புடவையின் ஜரிகையும் அதே 'ஜர்' வழி வந்ததுதான் என்பதால், சொல்லின் முற்பாதி நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று. 1789-இல் ஜெர்மானிய வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் சிர்கோனியத்தை முதலில் இனங்கண்டதும் இலங்கையிலிருந்து சென்ற சிர்கானில்தான். அங்குக் கிடைக்கும் நிறமற்ற வகைக்கு 'மாத்தறை வைரம்' என்ற வணிகப் பெயரும் உண்டு.

சிலர் சிர்கானைக் 'கோமேதகம்' என்று எழுதுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. நகைக்கடையில் இன்று கோமேதகம் என்று கேட்டால் கிடைப்பது கார்னெட் இனத்துக் கல். கால்சியமும் அலுமினியமும் கொண்ட அதன் கட்டமைப்பில் சிர்கோனியத்துக்கு இடமில்லை. அதே கடையில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கப்படுவதோ ஆலையில் செய்யப்படும் சிர்கோனியம் ஆக்சைடு. இத்தனை குழப்பத்துக்கு நடுவே, ஒலிபெயர்ப்பான 'சிர்கான்' என்பதே பிழையற்றது. சிர்கானைக் கொண்டு பாறையின் வயதை அளக்கும் முறையின் பெயரை மட்டும் 'சிர்கான் காலக்கணிப்பு' என்று தமிழாக்கிக்கொள்ளலாம்.

பாறைக்குழம்பு ஆறிச் சிர்கான் படிகமாகும்போது, சிர்கோனியம் அமர வேண்டிய சில இடங்களில் யுரேனியம் அமர்ந்துகொள்கிறது. மின்னேற்றமும் அளவும் பொருந்தாத ஈயமோ ஏறக்குறைய முழுவதும் வெளியே நின்றுவிடுகிறது. ஆகவே பின்னாளில் படிகத்துக்குள் காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானதே என்று கொள்ளலாம். யுரேனியம்-238 பாதியாகச் சிதைந்து ஈயம்-206 ஆவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகி ஈயம்-207 ஆவதற்கு 70.4 கோடி ஆண்டுகளும் ஆகும். ஒரே படிகத்துக்குள் இப்படி இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் கணிப்பை நம்பலாம். முரண்பட்டால், இடையில் ஈயம் கசிந்திருக்கக்கூடும்.

கனடாவின் வடமேற்கில் உள்ள அக்காஸ்டா நீஸ் என்னும் பாறை, கிரானைட் வகைப் பாறை உருமாறி உண்டானது. அதன் வயது ஏறத்தாழ 403 கோடி ஆண்டுகள் என்று அறியப்பட்டது இம்முறையில்தான். இத்தகைய பாறையின் சிர்கானை வெட்டி மெருகேற்றிப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல உள்ளே ஒரு கருவும் அதைச் சுற்றிப் பிற்கால வளர்ச்சிப் படலங்களும் தெரிவதுண்டு. எனவே வயதை அளப்பதற்கான நுண்ணிய அயனிக் கற்றையை எந்த வளையத்தில் பாய்ச்சினோம் என்பதைப் பொறுத்து, பாறைக்குழம்பு இறுகிய காலமோ பிற்பாடு உருமாறிய காலமோ கிடைக்கும்.

பாறை சிதைந்து மண்ணானாலும் சிர்கான் எளிதில் அழிவதில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அதைப் பிரித்தெடுக்க முடிவது இதனால்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கான் மணிக்கு 440 கோடி ஆண்டு வயது. அதைத் தாங்கியிருக்கும் படிவுப் பாறையோ அதைவிட நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் இளையது. அங்கே 'பாறையின் வயது' என்று எழுதுவது பிழை. 'சிர்கான் மணியின் வயது' என்பதே சரி.