எந்திரச் செவிலி அல்ல, காப்பெந்திரம்

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ரோபோக்களைப் பற்றி மொழிபெயர்த்து வரும் கட்டுரைகளில் ‘எந்திரச் செவிலி’, ‘ரோபோ செவிலித்தாய்’ என்ற சொற்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அண்மையில் படித்த ஒன்று அதையும் தாண்டி ‘இயந்திரத் தாய்’ என்றே தலைப்பு வைத்திருந்தது. இந்த வழக்கு வேர்பிடிப்பதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூலச்சொல் ‘ரோபோ நானி’. நானி என்பவள் ஆங்கிலேய வீடுகளில் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் பெண். ‘ஆன்’ என்ற பெயரின் செல்ல வடிவம் அது என்பார்கள். ரோபோ, செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து வந்த சொல். அதை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு, நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’யைப் போல. ‘எந்திரம்’ வடமொழி யந்திரத்தின் தமிழ் வடிவம்தான், ஆனால் நேற்று வந்ததில்லை. ‘கரும்பின் எந்திரம்’ ஐங்குறுநூற்றிலேயே யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. ஆகவே எந்திரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை செவிலியோடு.

செவிலி என்பது இன்று மருத்துவமனையில் கேட்கும் சொல் ஆகிவிட்டதால் அதன் பழைய எடை பலருக்குத் தெரிவதில்லை. சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. ‘தோழி தானே செவிலி மகளே’ என்கிறது தொல்காப்பியம். தலைவியின் உயிர்த்தோழியே செவிலியின் மகள்தான், அந்த அளவுக்கு அவள் வீட்டோடு கலந்தவள். பெண் தலைவனோடு போய்விட்டால் பாலை வழியில் தேடிப் போகிறவள் அவளே. குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் பாட்டு ஒன்று, ‘காலே பரிதப்பினவே கண்ணே நோக்கி நோக்கி வாளிழந்தனவே’ என்று தொடங்கும். நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது, எதிரே வருகிறவர்களை எல்லாம் அவளாக இருக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்துவிட்டது. வானத்து மீன்களைவிட அதிகம் பேர் இவ்வுலகில் இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் பிறர், தன் பெண் மட்டும் அவர்களில் இல்லை. இதைச் சொல்பவள் செவிலி. பெறாத பிள்ளைக்காக இப்படித் தேய்ந்துபோகக்கூடிய ஒருத்தியின் பெயரை, சார்ஜ் தீர்ந்தால் நின்றுபோகும் ஒரு கருவிக்கு எப்படிக் கொடுப்பது?

பெயர்தானே, என்னவாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ரோபோக்களைப் பற்றிய அறவிவாதமே அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோயல் ஷார்க்கியும் அமண்டா ஷார்க்கியும் 2010இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. குழந்தையின் அந்தரங்கம் என்ன ஆகும், குழந்தையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் எந்திரத்துக்கு உண்டா, தன்மேல் அதற்கு அன்பு இருப்பதாகக் குழந்தையை நம்பவைப்பது ஏமாற்று ஆகாதா என்றெல்லாம் அவர்கள் கேட்கிறார்கள். கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டுவது ஒன்று, நாள் முழுக்க அதனிடம் விட்டுவிடுவது வேறு என்பதே அவர்களுடைய கவலையின் மையம். ‘செவிலி’ என்று எழுதிய கணமே இத்தனை கேள்விக்கும் விடை சொல்லி முடித்துவிடுகிறோம். செவிலி என்றால் அன்பு உண்டு, பொறுப்பு உண்டு, நாள் முழுக்க விடலாம். வாசகர் கேள்வியைப் படிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

தமிழ் இலக்கணமும் இதை ஒத்துக்கொள்ளாது. உயர்திணை மக்களுக்கு, மற்றதெல்லாம் அஃறிணை. ‘செவிலி தாலாட்டினாள்’ என்றுதான் எழுத முடியும். ‘இயந்திரத் தாய்’ என்று தலைப்பு வைத்த அந்தக் கட்டுரையிலேயே ஒரு பத்தியில் ‘கதை சொல்கிறாள்’, அடுத்த பத்தியில் ‘பழுதாகிவிட்டது’. மொழிபெயர்ப்பாளர் கவனக்குறைவானவர் என்று நான் நினைக்கவில்லை. தப்பான பெயரை எடுத்ததால் வினைமுற்று அவரை மாட்டிவிட்டது. ‘எந்திரன்’ என்று அன் விகுதி சேர்ப்பதிலும் இதே சிக்கல்தான்.

இன்னொரு சாரார் ‘குழந்தைப் பராமரிப்பு ரோபோ’ என்கிறார்கள். பராமரிப்பு என்ற சொல் இன்று எங்கே புழங்குகிறது? பராமரிப்புப் பணிக்காக மின்தடை, லிஃப்ட் பராமரிப்பு, சாலைப் பராமரிப்பு. எந்திரத்தைச் செவிலி ஆக்கிவிட்டு, பிள்ளையை லிஃப்ட் ஆக்கியாயிற்று. எந்தத் தமிழ் அம்மாவும் ‘என் பிள்ளையைக் கொஞ்சம் பராமரியுங்கள்’ என்று பக்கத்து வீட்டில் விட்டுப் போவதில்லை. ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா’ என்பார். பார்த்துக்கொள்வது வேறு, வளர்ப்பது வேறு என்ற கோடு நம் பேச்சிலேயே தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேர்’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. அந்தக் கலக்கத்தை ஏன் நாமும் இறக்குமதி செய்ய வேண்டும்?

பெயர் செய்யும் வேலையைப் பார்க்க மாக்ஸியை எடுத்துக்கொள்ளலாம். எம்பாடீட் என்ற அமெரிக்க நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய ரோபோ அது. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தோழன் என்று விளம்பரம். பின்னாளில் 800 டாலர் அளவில் விற்றது. 2024 டிசம்பரில் நிறுவனம் பணமில்லாமல் மூடப்போவதாக அறிவித்தது. அதன் சர்வர் இல்லாமல் மாக்ஸியால் பேச முடியாது. மாக்ஸி பேசாமல் போகப்போவதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்குக் கடிதம் ஒன்றும் வந்தது. பிள்ளைகள் அழும் காணொளிகள் இணையத்தில் பரவின. சொந்தக் கணினியில் ஓட்டிக்கொள்ள மென்பொருள் பிறகு வந்தது, அது வேறு கதை. ஒரு நிறுவனத்தின் பண இருப்பை நம்பி ஓடும் பொருளைத் தோழன் என்று பிள்ளையிடம் கொடுத்ததால் வந்த வினை இது. பெரியவர்களுக்கு விளம்பரம் என்று தெரியும், ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

சரி, என்ன சொல்லலாம்? ‘காப்பெந்திரம்’ என்பது என் பரிந்துரை. பிள்ளைத்தமிழின் முதல் பருவமே காப்பு. வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை விடும் இடத்தைக் காப்பகம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். குழந்தை படி அருகே போனால் ஒலி எழுப்பும், அழுதால் பெற்றோரின் போனுக்குத் தகவல் அனுப்பும், கதை ஒலிபரப்பும். இதெல்லாம் காத்தல்தான், அந்தச் சொல் அதற்குமேல் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. அஃறிணை என்பதால் ‘காப்பெந்திரம் கதை சொன்னது’ என்று வினையும் இடறாமல் வரும். தனித்தமிழ் அன்பர்கள் எந்திரத்துக்குப் பதில் ‘பொறி’ கேட்பார்கள். ‘காப்புப்பொறி’யும் எனக்குச் சம்மதமே, என்றாலும் பொறி என்றதும் எலிப்பொறி நினைவு வருகிறது, குழந்தை இருக்கும் இடத்தில் அது வேண்டாம். சொல்லாக்கமே பிடிக்காதவர்கள் ‘பிள்ளை பார்க்கும் ரோபோ’ என்று எழுதட்டும், அதில் ஒரு தவறும் இல்லை. விளம்பர வாசகத்தை மொழிபெயர்க்கும்போது ‘தோழன்’, ‘செவிலி’ போன்றவை மூலத்திலேயே இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட்டு, சொல்பவர் விற்பவர்தான் என்பது தெரியும்படி எழுத வேண்டும்.