கூலி என்ன பந்திச் சாப்பாடா?

கிருஷ்ணகிரி சுற்றுவட்டார ஆலைகளுக்குத் தொழிலாளர் ஆலோசகராக இருக்கிறேன். போன வாரம் ஒரு மாங்கூழ் ஆலை முதலாளி போன் செய்தார். ஒன்பது சீசனாகத் தரம் பிரிக்கும் மேசையில் நின்ற அம்மா வேறு ஆலைக்குப் போய்விட்டாராம். இந்த வருஷம் இதே விஷயமாக எனக்கு வந்த நாலாவது போன் இது.

“எல்லாருக்கும் நாளுக்கு 20 ரூபாய் ஏத்தினேன் சார். யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலையே!”

அந்த அம்மாவிடம் பேசினேன். “20 ரூபா பத்தலைன்னு போகலைங்க. பாதி நேரம் போனும் கையுமா நிக்கிறவங்களும் நானும் ஒண்ணுன்னு சொல்லிட்டாங்களே” என்றார்.

ஒரே மாதிரி கொடுத்துவிட்டால் நியாயம் ஆகிவிடும் என்று யார் சொன்னது? பந்தியில்தான் பாகுபாடு கூடாது. குறைந்தபட்சக் கூலி, பிஎஃப், வார விடுமுறை, கையுறை, கழிப்பறை, மரியாதையான பேச்சு, இதெல்லாம் பந்தி. ஓவர்டைமுக்கு இருமடங்கு கூலியை 1948லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. இதில் ‘நல்லா வேலை செய்றவங்களுக்கு மட்டும்’ என்ற பேச்சே கூடாது. அதே மேசையில் அதே வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலியைக் குறைத்துவிட்டு “அது வழக்கம் சார்” என்கிறார்கள். 1976லேயே சட்டம் போட்டுத் தடுத்த வழக்கம் அது! நியாயம் பேசுகிறவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் பந்தி அல்ல. அங்கே வேலையைப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். அதற்காக எத்தனை கிரேட் (பழப்பெட்டி) முடித்தார் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பெங்களூரா மாம்பழ லோடு குவியும் நாளில், மளமளவென்று கிரேட் காலி செய்கிறவர் காம்படியில் கறுத்த பழத்தையும் தள்ளிவிடுவார். அந்த அம்மா ஒவ்வொரு பழத்தையும் திருப்பி, காம்படியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் அனுப்புவார். அவர் கணக்கில் நாலு கிரேட் குறையும், ஆனால் கூழில் வாடை வராது. மழையில் நனைந்த லோடு யார் மேசைக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எதைப் பார்த்து ஊக்கத்தொகை என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே தமிழில் எழுதி ஒட்டுங்கள். சூப்பர்வைசரின் மச்சானுக்கும் அதே அளவுகோல்தான். கிடைக்காதவரைத் தனியே கூப்பிட்டு, எங்கே குறைந்தது என்று சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் வேண்டாம்.

அப்புறம், அந்த அம்மாவைத் திரும்ப அழைப்பதாக இருந்தால், தயவுசெய்து ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே நேரில் போங்கள்.