ட்ரோன் தொழில்: மெஷின் வாங்கும் முன் சேலத்துக்காரர்கள் பார்க்க வேண்டியவை

பொழுதுபோக்காக ட்ரோன் ஓட்டியவர் தொழிலில் இறங்க நினைத்ததும் முதலில் தேடுவது பெரிய மெஷினைத்தான். அங்கேயே வரிசை தலைகீழாகிவிடுகிறது. என்ன வேலை செய்யப் போகிறோம், அதற்கு எந்த வகைச் சான்றிதழ் வேண்டும் என்ற இரண்டும் முடிவான பிறகுதான் மெஷின் பேச்சு. கல்யாண வீடியோவில் ஆள் ஏற்கெனவே நிறைய. விலையை அடித்துக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். சேலம் மாவட்டத்தில் நின்று சம்பாதிக்க வழி என்றால் வயலில் மருந்து தெளிப்பும், குவாரி, லேஅவுட் சர்வேயும்தான் என்பது எங்கள் கணிப்பு.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்துப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். எடை என்பது பேட்டரி, கேமரா, டேங்கில் இருக்கும் மருந்து எல்லாம் சேர்த்து. 249 கிராம் ட்ரோனில் இறக்கைக் காப்பு மாட்டினாலோ, பெரிய பேட்டரி போட்டாலோ அது மைக்ரோ ஆகிவிடும். மைக்ரோவை ஆசைக்கு ஓட்டினால் பைலட் சான்றிதழ் வேண்டாம். காசு வாங்கி ஓட்டினால் கட்டாயம் வேண்டும். பலர் சறுக்குவது இந்தக் கோட்டில்தான்.

சான்றிதழுக்கு வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதித்த பயிற்சிப் பள்ளியில் படிப்பு. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவை போதும். ஆனால் மைக்ரோ வகைக்குப் படித்துவிட்டு 10 லிட்டர் டேங்க் ட்ரோனைத் தொட முடியாது, அது ஸ்மால் வகை. பணம் கட்டுமுன் பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு உண்மையான மெஷினை எத்தனை நிமிடம் ஓட்டவிடுவீர்கள்? சிமுலேட்டரிலேயே பொழுதைக் கழிக்கும் பள்ளியில் சான்றிதழ் கிடைக்கும், கை வராது.

வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. உதிரி பாகங்களுக்கு இல்லை. "பில் இல்லாம சல்லிசா தரேன்" என்று வரும் மெஷினுக்கு அடையாள எண் (அரசுப் பதிவு எண்) வாங்க வழியிராது. எண் இல்லையென்றால் காப்பீடும் இல்லை. நானோ தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

காமலாபுரம் விமான நிலையத்தில் மறுபடி விமானம் வந்து போவதால் ஓமலூர்ப் பக்கம் வேலை பிடிப்பவர்கள் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் நாள் குறிக்கக் கூடாது. வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை அனுமதி தேவையில்லை. ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உச்சம் 60 மீட்டர்தான். வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் பச்சையாக இருந்தது என்பது பதிலாகாது.

இனி மலை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று சேலம் டவுனைவிட ஏறக்குறைய 11% மெலிது. அதனால் அந்தரத்தில் நிற்க 6% வாக்கில் மின்சாரம் கூடுதலாகப் போகும். அது பெரிய கணக்கில்லை. ஆளைக் கவிழ்ப்பது வேறு. விளிம்பில் நின்று மெஷினைப் பள்ளத்தாக்குக்குள் இறக்கினால், திரும்பும் வழி முழுக்க ஏற்றம், அதுவும் எதிர்க்காற்றில். பேட்டரி பாதி இருக்கும்போதே திருப்புங்கள். திரையில் தெரியும் உயரம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எடுத்த அளவு. 120 மீட்டர் வரம்போ மெஷினுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து. விளிம்பைத் தாண்டி நேராகப் பறந்தாலே வரம்பு மீறிவிடும். காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை மனதில் வைத்து, சிக்னல் அறுந்தால் மெஷின் தானாகத் திரும்பிவரும் உயரத்தைக் குறைந்தது 40 மீட்டராக வையுங்கள். பக்கத்தில் மேடு இருந்தால் இன்னும் மேலே. மூடுபனியில் தடை உணரிகள் குருடாகிவிடும். காப்புக்காட்டுக்கு மேலே என்றால் வனத்துறை அனுமதி தனி.

கஞ்சமலைப் பக்கம் இன்னொரு வம்பு. அந்த மலையின் பாறை காந்த இரும்புத்தாது. அடிவாரத்தில் திசைகாட்டி எச்சரிக்கை வந்தால் மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டு நிற்காமல் இடத்தை மாற்றுங்கள். தவறான திசையோடு கிளம்பும் மெஷின் வட்டமடித்து விலகி ஓடும்.

சர்வேயில் மேடுபள்ளம்தான் எதிரி. குழியிலிருந்து 100 மீட்டர் உயரம் வைத்து 75% மேற்பொருத்தத்தில் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நடுவில் 50 மீட்டர் மேடு வந்தால் அங்கே படம் பிடிக்கும் பரப்பின் நீளம் பாதியாகி, மேற்பொருத்தம் 50% ஆகிவிடும். மென்பொருளால் படங்களை ஒன்றாகத் தைக்க முடியாமல், அதிலிருந்து வரும் நில மாடலில் ஓட்டை விழும். நிலத்தைத் தொடர்ந்து பறக்கும் முறையை இயக்குங்கள், அல்லது மேட்டை வைத்து உயரத்தைக் கணக்கிடுங்கள்.

மருந்து தெளிப்பில் பைலட் வேலை பாதி, மீதி கணக்கு. வினாடிக்கு 4 மீட்டர் வேகம், 3.5 மீட்டர் அகலம் என்றால் நிமிடத்துக்கு 840 சதுர மீட்டர். ஏக்கருக்கு ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, திரும்புவதையும் சேர்த்தால் ஏழு. ஏக்கருக்கு 10 லிட்டர் விழ வேண்டுமானால் நிமிடத்துக்கு 2 லிட்டர், அதாவது நான்கு நாசிலில் தலா அரை லிட்டர். காலையில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு நாசிலின் அடியிலும் ஜாடி வைத்து ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் 420 மில்லி தந்தால் வயலில் கோடு கோடாகத் தெரியும். கழுவிப் பார்த்தும் ஏறாவிட்டால் மாற்றிவிடுங்கள். தூள் மருந்தை நேராக டேங்கில் கொட்டுவதுதான் நாசில் அடைபட முக்கியக் காரணம். வாளியில் கரைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள்.

"10 லிட்டருக்கு 20 மில்லி போடுப்பா" என்று விவசாயி சொல்வது கைத்தெளிப்பான் கணக்கு. கையால் அடிக்கும்போது ஏக்கருக்கு 200 லிட்டர் போகுமானால் மருந்து 400 மில்லி. ட்ரோனின் 10 லிட்டரில் வெறும் 20 மில்லி ஊற்றினால் இருபதில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பூச்சி சாகாது, "ட்ரோன்ல அடிச்சா கேக்காது" என்று ஊர் முழுக்கப் பேச்சாகும். 400 மில்லியையும் ஊற்றினால் கரைசல் இருபது மடங்கு அடர்த்தி, சில மருந்துகளில் இலை கருகும். ட்ரோனுக்கான அளவு லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேளாண் அலுவலரைக் கேளுங்கள். இரண்டு மருந்தைக் கலப்பதே வேண்டாம். மரவள்ளியில் மாவுப்பூச்சி என்றால், அதை ஒழிக்க விட்ட ஒட்டுண்ணிக் குளவி வயலில் இருக்கிறதா என்று ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்த பிறகு அடிப்பது நல்லது; மருந்து குளவியையும் கொன்றுவிடும்.

பக்கத்து வயலில் மல்பெரி இருந்தால் காற்று அந்தப் பக்கம் வீசும் நாளில் வேலையே எடுக்காதீர்கள். சிதறிப்போன துளி பட்ட இலையைத் தின்று பட்டுப்புழு செத்தால் ஒரு சீசன் வருமானத்தால்கூட ஈடுகட்ட முடியாது. கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பியை ட்ரோனில் உள்ள ராடார் நம்பகமாகக் காட்டாது. வயலைச் சுற்றி நடந்து வந்து, கம்பி போகும் பக்கத்தைத் தடைப்பகுதியாகக் குறித்த பிறகே கிளப்புங்கள்.

கூலி பேசும்போது பெட்ரோலும் ஆள் சம்பளமும் நினைவுக்கு வரும், பேட்டரித் தேய்மானம் வராது. ஜோடி 50,000 ரூபாய், 250 முறை சார்ஜ் தாங்கும் என்று வைத்தால், ஒவ்வொரு சார்ஜுக்கும் 200 ரூபாய் கரைகிறது. ஏக்கருக்கு 500 வாங்குபவருக்கு இது சின்னத் தொகையா? சூடு ஆறாமல் சார்ஜ் போட்டால், வெயிலில் காருக்குள் வைத்தால், முழு சார்ஜோடு வாரக்கணக்கில் கிடத்தினால் அந்த 250 நூறாகும். வேலையில்லாத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

வேலைக்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி விவசாயியிடம் கையெழுத்து வாங்குங்கள்: மருந்தும் அளவும் யார் சொன்னது, அடித்த சில மணி நேரத்தில் மழை வந்தால் மறு தெளிப்புக்கு யார் காசு, எந்தச் சர்வே எண் வரை எல்லை. பறப்புப் பதிவை அதே தாளோடு சேர்த்து வைத்தால், காப்பீட்டுக்காரர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.